மாமா குடுத்த வண்டி

கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது என்று மருமகன் முதன்முதலில் போன் செய்தபோது, ஆண்டிச்சாமி ஆலங்குளத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, ஒங்க வண்டி நடுரோட்டுல மானத்த வாங்கிருச்சு" என்றான் பாண்டிச்செல்வம். "கிருஷ்ணன்கோவில்ல டீ குடிக்க எறங்குனேன். சாவி சீட்டுல கெடக்கு. கதவச் சாத்துன ஒடனே டக்குனு தானா பூட்டிக்கிருச்சு. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன். பொறவு ஒருத்தன் கம்பிய விட்டு நெம்பித் தொறந்தான்."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே மாப்ள?"

"எனக்கு என்ன? அசிங்கம்தான்."

போனை வைத்த பிறகும் ஆண்டிச்சாமி நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் இருந்த பெண் சத்தம் போட்டதும்தான் வரிசையில் நகர்ந்தார். இரண்டு வருடமாக மருமகன் அதை 'நம்ம வண்டி' என்றுதான் சொல்லிவந்தான். 'ஒங்க வண்டி' என்று அன்றைக்குத்தான் சொன்னான்.

ஆண்டிச்சாமி முப்பத்தோரு வருடம் சுண்ணாம்புக்கல் குவாரியில் டம்பர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரே மகள் மாரீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் நகை, சீர் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கிற நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா நாச்சியார், "பையன் ராஜபாளையம் மில்லுக்குத் தெனம் பைக்குலதான் போயிட்டு வாரான். வண்டின்னு ஒண்ணு இருந்தா ஒங்க பொண்ணும் கூட உக்காந்து போகும்லா அண்ணே" என்றாள்.

புது வண்டிக்கு அவரிடம் வழியில்லை. ராஜபாளையத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நான்கு வருடம் பதமாக ஓட்டிய வெள்ளைக் கார் ஒன்று விலைக்கு வந்தது. ஆண்டிச்சாமி சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பாகம் முழுவதையும் பார்த்தார். துரு இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. இன்ஜினை ஓடவிட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்று கேட்டார். கல்யாணத்தன்று இரண்டு சாவிகளையும் வெற்றிலைத் தட்டில் வைத்து மருமகன் கையில் கொடுத்தார். அந்த வண்டியில் கோளாறு என்றால், வளர்த்த பெண்ணைக் குறை சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி ராஜபாளையம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மகள் வீட்டில் வண்டியை வாங்கிக்கொண்டு திரும்பவும் ராஜபாளையத்துக்கு ஓட்டிவந்தார். தென்காசி ரோட்டில் காசிராஜன் என்பவன் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிற கடை வைத்திருந்தான். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான்.

"மொதல்ல லேசுல முடியுறதப் பாப்போம் அண்ணாச்சி" என்றவன், சாவியில் இருந்த ரிமோட்டைப் பிளந்தான். "பட்டன் ரப்பர் உப்பி அமுங்கிட்டே இருந்தா, பையில கெடக்கும்போதே பூட்டிரும்." ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் சுத்தம் செய்து புது பேட்டரி போட்டான். "இன்னொரு சாவி இருக்கும்லா? அதையும் கொண்டாங்க. அதுல பட்டன் அமுங்குனாலும் இதே கதைதான்."

ஆண்டிச்சாமி மருமகனுக்குப் போன் செய்து கேட்டார்.

"அது கல்யாண வீட்டுலயே தொலஞ்சு போச்சு மாமா" என்றான் பாண்டிச்செல்வம்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை மில் வாசலில். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த அத்தனை பேரும் பார்த்துச் சிரித்தார்களாம். ஆண்டிச்சாமி மறுபடியும் இரண்டு பஸ் மாறிப் போனார். காசிராஜன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயை உருவி உள்ளே பார்த்தான். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அங்கேதான் வயர்கள் இற்றுப்போகுமாம். இற்ற வயர் ஒன்றை ஒன்று தொட்டால் பூட்டு தானாக இழுக்குமாம். ஒரு வயரில் மட்டும் மேல்தோல் லேசாக வெடித்திருந்தது. "இதா இருக்கலாம்" என்று வெட்டி, புது வயர் சேர்த்துச் சுற்றினான். ஆண்டிச்சாமிக்கு உயிர் வந்தது. வெட்டிய வயர்த்துண்டைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருமகனிடம் காட்டினார்.

பாண்டிச்செல்வம் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பாப்போம்" என்றான்.

அந்த வீட்டில் அவருக்கு முன்பு கிடைத்த மரியாதை மாறிவிட்டிருந்தது. நாச்சியார் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரிப் பேசினாள். "மில்லுல இவனுக்குக் கீழ வேல பாக்குற பையன் தங்கப்பாண்டியன். அவனுக்கு மாமனார் வீட்டுல புது வண்டி எறக்கியிருக்காவ. எம்புட்டு ஒசரம்ங்கிய! அவன் அதுல வாரான், எம்மவன் இதுல போறான்."

மாரீஸ்வரி இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். "எதுக்குப்பா இந்த வெயில்ல அலையுதீய? பேசாம இத வித்துட்டு வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க" என்றாள்.

தன்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஆண்டிச்சாமி. "வண்டி நல்ல வண்டிம்மா. ஒரு சின்ன வயரு. கண்டுபிடிச்சிட்டா முடிஞ்சு போச்சு."

முடியவில்லை. மூன்றாவது தடவை டிரைவர் கதவின் பூட்டு மோட்டாரையே மாற்றினார்கள். நான்காவது தடவை, வண்டி வேகமெடுத்தால் தானாகப் பூட்டுகிற ஏற்பாட்டையே காசிராஜன் கம்ப்யூட்டரை மாட்டி நிறுத்தி வைத்தான். தரைவிரிப்பைத் தூக்கி, மழைத் தண்ணீர் எங்காவது உள்ளே இறங்கி வயர்ப் பெட்டியில் படுகிறதா என்று பார்த்தான். பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டியைத் திருப்பிக் கொடுத்த ஒரு வாரம், பத்து நாளில் போன் வந்துவிடும்.

"மூணு நாளு இங்கயே விடுங்க அண்ணாச்சி" என்றான் காசிராஜன்.

அந்த மூன்று நாளும் ஆண்டிச்சாமி காலையில் முதல் பஸ்ஸில் வந்து, கடையில் நிற்கிற காருக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தினார். திறந்தார். பலமாக அடித்துச் சாத்தினார். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். வெயிலில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். நிழலுக்குக் கொண்டுவந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்த 'டக்' சத்தத்துக்காகக் காத்திருந்தார். குவாரியில் வெடி வைத்த பிறகு எல்லாக் குழியும் வெடித்துவிட்டதா என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது. மூன்று நாளில் ஒரு தடவைகூட வண்டி தானாகப் பூட்டவில்லை.

மூன்றாம் நாள் மாலை காசிராஜன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். "பூட்டுன அஞ்சு தடவையும் கூட யாரு இருந்தா?"

"மாப்ளதான்."

"ஒங்க மக தனியா இருக்கும்போது பூட்டிருக்கா?"

"தெரியல. ஏன் தம்பி?"

காசிராஜன் காரின் மஞ்சள் விளக்கைக் கைகாட்டினான். "ஒண்ணு மட்டும் கவனிங்க. ரிமோட்டுல பூட்டுனா நாலு பக்கமும் இண்டிகேட்டர் ஒரு தடவ மினுக்கும். வயர்க் கோளாறுல மோட்டார் தானா இழுத்தா மினுக்காது. வெறும் சத்தம் மட்டும்தான் கேக்கும். அடுத்த தடவ நடக்கும்போது பக்கத்துல இருந்தீயன்னா, அத மட்டும் பாருங்க."

அடுத்த தடவை அவர் பக்கத்தில் இருந்தார்.

பேரனுக்கு ஒரு வயது நிறையப் போகிறது என்று அய்யனார் கோவிலில் வைத்து முடியிறக்கினார்கள். இரண்டு வீட்டுச் சொந்தமும் வேனிலும் கார்களிலும் வந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடியது. முடியிறக்கி, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வண்டிகள் நிற்கிற மரத்தடிக்கு வந்தார்கள். தண்ணீரைப் பார்த்த உற்சாகம் போய்ப் பிள்ளை பசிக்கு அழ ஆரம்பித்திருந்தான். ஆண்டிச்சாமியின் மனைவி குருவம்மாள் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் இருந்த பை, காரின் பின்சீட்டில் இருந்தது. கார்ச் சாவியும் அந்தப் பையில்தான். கோவிலுக்கு நடக்கும்போது, "பையிலயே போட்டு வண்டில வையி. கதவச் சாத்துனா போதும், இங்க யாரு எடுக்கப் போறா" என்று பாண்டிச்செல்வம்தான் சொல்லியிருந்தான்.

ஆண்டிச்சாமி பையை எடுக்கக் காரின் பின்கதவை நோக்கிப் போனார். கைப்பிடிக்கு இரண்டடி இருக்கும்போது 'டக்' என்று கேட்டது. மூன்று நாள் கண்ணை மூடிக் காத்திருந்த சத்தம்.

சத்தத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் மஞ்சள் விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி, புளியமரத்தில் சாய்ந்துகொண்டு பாண்டிச்செல்வம் நின்றான். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. ஆண்டிச்சாமி அதைக்கூட ஏதோ தற்செயல் என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மாரீஸ்வரி அவன் பக்கத்தில் நின்றாள். கதவு பூட்டிய சத்தம் கேட்டு எல்லோரும் காரைப் பார்த்தபோது, அவள் மட்டும் காரைப் பார்க்கவில்லை. புருஷனின் பேன்ட் பையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆச்சா? பூட்டிக்கிருச்சா?" என்று பாண்டிச்செல்வம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "பாத்துக்கிடுங்க. இதான் எங்க மாமா குடுத்த வண்டி."

யாரோ சிரித்தார்கள். பிள்ளை வீறிட்டான்.

ஆண்டிச்சாமி மருமகனிடம் போனார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "மாப்ள, தொறந்துவிடுங்க. பிள்ளைக்குப் பால் உள்ள இருக்கு" என்றார்.

"என்ன மாமா வெளையாடுதீயளா? நான் எப்படித் தொறக்க? சாவி உள்ளல்லா இருக்கு."

"தொறந்துவிடுங்க மாப்ள. நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பாண்டிச்செல்வத்தின் முகம் ஒரு கணம் வெளிறியது. உடனே குரலை உயர்த்தினான். "குடுக்கையில பாத்துக் குடுத்திருக்கணும். இப்ப எங்கிட்ட வந்து தொற தொறன்னா?"

நாச்சியார் அங்கிருந்தே சொன்னாள். "விடுடா. அவியளால முடிஞ்சது அம்புட்டுத்தான். பச்சப் பிள்ள உள்ள மாட்டிக்கிட்டுச் செத்தாத்தான் அவியளுக்கு ஒறைக்கும் போல."

சொந்தக்காரர்கள் நாலா பக்கமும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுடைய பையில் கையை விட்டு அந்தச் சாவியை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் ஆண்டிச்சாமிக்குத் தோன்றியது. கையும் எழுந்தது. மாரீஸ்வரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்கிற பார்வை அது.

அவர் ஆற்றோரம் போய் உள்ளங்கை அளவு உருண்டைக் கல் ஒன்றை எடுத்துவந்தார். பின்கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியை இரண்டே அடியில் உடைத்தார். கையை விட்டுப் பூட்டைத் தூக்கி, பையை எடுத்துக் குருவம்மாளிடம் கொடுத்தார். முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்தது. "ஐயோ, ஏங்க!" என்று குருவம்மாள் பதறினாள். மாரீஸ்வரி பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும், கண்ணாடி போடக் காரை ராஜபாளையத்துக்குத் தானே கொண்டுபோவதாக ஆண்டிச்சாமி சொன்னார். மகளைப் பார்த்து, "செத்த நேரம் நீயும் வா" என்றார். பாண்டிச்செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ராஜபாளையம் வரைக்கும் உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று இரைந்தது.

காசிராஜன் அவர் கையைப் பார்த்துவிட்டு முதலில் பஞ்சு வாங்கிவந்து கட்டினான். "மினுக்குச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"மினுக்குச்சு."

காசிராஜன் மாரீஸ்வரியை ஒரு தடவை பார்த்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகிக் கையளவு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். "ரெண்டு ரிமோட் பதிவாகியிருக்கு. ஒண்ணு ஒங்க கையில இருக்கு" என்றான். பிறகு தயங்கினான். "வண்டில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மொத நாளுலருந்தே ஒண்ணுமில்ல. ரெண்டையும் அழிச்சிட்டு, கையில இருக்கிறத மட்டும் திரும்ப ஏத்திருதேன். இனிமே தானா பூட்டாது." சொல்லிவிட்டு, கண்ணாடி வாங்கிவரக் கிளம்பிப் போய்விட்டான்.

கடையில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் ஆண்டிச்சாமி.

"ரெண்டாவது தடவையே தெரியும்ப்பா. துணி துவைக்கையில பேன்ட்டுல சாவி கெடந்துச்சு."

"ரெண்டு மாசமா?"

"ம்."

"நான் இங்க மூணு நாளு இந்த வண்டிக்குள்ள உக்காந்து கெடந்தேனே. அதுவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு போன் போட்டு, 'யப்பா, அலையாதீய, வண்டில ஒண்ணுமில்ல'ன்னு சொல்ல ஒனக்கு வாய் வரலியா தாயி?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே, "சொன்னா அவியளுக்குத் தெரிஞ்சுரும். பொறவு அந்த வீட்டுல நான் இருக்கணும்லா? நீங்க சலிச்சுப் போயி வேற வண்டி எடுத்துக் குடுத்துருவீயன்னு நெனச்சேன். குடுத்துட்டா எல்லாரு வாயும் அடஞ்சிரும்னு நெனச்சேன்" என்றாள்.

ஆண்டிச்சாமி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் இந்த வண்டி புடிக்கலப்பா" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தங்கப்பாண்டியன் பொண்டாட்டி கோவிலுக்கு வந்து எறங்குறா. நானும் எறங்குறேன். எல்லாரும் ரெண்டு வண்டியையும்தான் பாக்காவ. எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு."

மருமகன் செய்ததைவிட, முழங்கையில் எரிகிற காயத்தைவிட, இதுதான் அவருக்கு உள்ளே இறங்கியது. சாக்கை விரித்துப் படுத்து, முதுகெல்லாம் மண்ணாகி, துரு இல்லை, கசிவு இல்லை என்று சந்தோஷப்பட்டது அவர் மட்டும்தான். அதில் உட்கார்ந்து போகிறவள் ஒருநாளும் சந்தோஷப்படவில்லை.

காசிராஜன் திரும்பிவந்து கண்ணாடியைப் பொருத்தும்வரை அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளையும் வண்டியையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

நாலாம் நாள் பாண்டிச்செல்வம் போன் செய்தான். "வண்டில என்ன செஞ்சீய? ரிமோட் வேல செய்யல."

"காசிராஜன் கடையில வேல செஞ்சுதே மாப்ள. எந்தச் சாவிய அமுக்குதீய?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு போன் அணைந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், வெள்ளைக் கார் ஆலங்குளத்தில் அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. பாண்டிச்செல்வம் இறங்கினான். பின்சீட்டிலிருந்து மாரீஸ்வரியும் பிள்ளையும் இறங்கினார்கள். இரண்டு பைகளை எடுத்து வாசலில் வைத்தான். இரண்டு சாவிகளையும் அந்தப் பைகளின் மேல் போட்டான்.

"ஒங்க வண்டி, ஒங்க மக. என்னையத் திருடன்னு சொன்ன வீட்டுல எனக்கு வேலையில்ல" என்றான்.

"யாரு மாப்ள திருடன்னு சொன்னா? உள்ள வாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று குருவம்மாள் ஓடினாள். அவன் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டான்.

இரண்டு மாதம் மாரீஸ்வரி அங்கே இருந்தாள். பேச்சுவார்த்தைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பாண்டிச்செல்வம் சாவியை ஒளித்து வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதை ஆண்டிச்சாமி ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "சரி, சின்னஞ்சிறுசு, ஏதோ வெளையாட்டா செஞ்சிருக்கான். பொண்ணக் குடுத்தவிய நாமதான் எறங்கிப் போகணும். ஒரு புது வண்டிக்கு ஏற்பாடு செஞ்சிருங்க" என்றார்கள். ஆண்டிச்சாமிக்கு மானாவாரிக் காடு மூன்று ஏக்கர் இருந்தது. அதை வைத்துத்தான் எல்லோரும் பேசினார்கள்.

ஒரு நாள் மாரீஸ்வரியே கேட்டாள். "எனக்காக ஒரு தடவ செய்யுங்கப்பா. காட்டுல என்ன வெளையுது? சும்மாதான கெடக்கு."

"கேட்டிருந்தா வித்துருப்பேன்ட்டி" என்றார் ஆண்டிச்சாமி. "'யப்பா, இந்த வண்டி எங்களுக்குக் கூச்சமா இருக்கு, வேற வேணும்'னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா வித்துருப்பேன். கேக்கலையே. என்னையக் கோட்டிக்காரனாக்கி ரோட்டுல அலையவிட்டு, நானா மனசொடிஞ்சு குடுக்கணும்னு உக்காந்து பாத்திருக்கீய. இப்படிக் கேட்டா நான் தரமாட்டேன்."

"அன்னைக்குக் கேட்டிருந்தாலும் வண்டி நல்ல வண்டின்னுதான் சொல்லியிருப்பீய."

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அவருக்கே அது உறுதியாகத் தெரியவில்லை.

"இவரு ரோசத்துக்கு என் பிள்ள வாழாம கெடக்கணுமா?" என்று குருவம்மாள் அடுப்படியிலிருந்து கத்தினாள். அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இரண்டு நாள் கழித்து, மாரீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஆண்டிச்சாமி சாவியை எடுத்தார்.

"அந்த வண்டில நான் போய் எறங்குனா கதவத் தொறக்க மாட்டாவ" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைச் சுமந்துகொண்டு போனார். பஸ் வந்ததும் அவள் பையை வாங்கிக்கொண்டாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பேரன் கையை நீட்டினான். அவர் கையை உயர்த்துவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நாச்சியார் அவளை உள்ளே விட்டாள் என்று மட்டும் அக்கம்பக்கத்தார் மூலமாகத் தெரிந்தது. ஆண்டிச்சாமி போன் செய்தால் மாரீஸ்வரி எடுப்பதில்லை. ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். வீட்டில் ஆள் இருக்கிற சத்தம் கேட்டது. மணியை இரண்டு தடவை அழுத்தினார். டிவியின் சத்தம் குறைந்தது. யாரும் வரவில்லை. கொண்டுபோயிருந்த பழப் பையை இரும்புக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். காசிராஜன் மூலமாக வெள்ளைக் காரைச் செட்டியார்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவருக்குக் கொடுத்தார். ஏன் விற்கிறீர்கள் என்று அந்த மனுஷன் கேட்டதற்கு, ஓட்ட ஆளில்லை என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள், குருவம்மாள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டிச்சாமி பின்னால் போய் நின்றார். சொந்தத்தில் யாரோ வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படம். உயரமான புதுக் கார். கறுப்பு. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பாண்டிச்செல்வம் புதுச் சட்டை போட்டிருந்தான். கடன் வாங்கித்தான் எடுத்திருப்பான். பக்கத்தில் பட்டுச் சேலையில் மாரீஸ்வரி சிரித்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் நாச்சியார் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள்.

"பிள்ளையப் பெருசாக்கிக் காட்டு" என்றார் ஆண்டிச்சாமி.

குருவம்மாள் இரண்டு விரலால் படத்தை விரித்தாள். பிள்ளை காரைப் பார்த்துத் திரும்பியிருந்தான். பின்தலைதான் தெரிந்தது. இன்னும் விரித்தபோது படம் கலங்கிப் போனது.

"முடி நல்லா வளந்திருச்சு" என்றார் ஆண்டிச்சாமி.

குருவம்மாள் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.